பிள்ளை கையிற் படைக்கலம்

(ஞாயிறு தம்மப் பள்ளி மேல்வகுப்பு மாணவர்க்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் உரிய பாடம்)



ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாளில், பல நாட்டுப் பள்ளி மாணவர் தம் உள்ளங்கையில் செஞ்சாயம் பூசித் தாளிற் பதித்து, அத்தாள்களை ஆள்வோர்க்கு அனுப்புகின்றனர். "நிறுத்துக" என்று கை காட்டுவதே அதன் பொருள். எதனை நிறுத்தல் வேண்டும்? பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் போர்ப்படைகளிற் சேர்ப்பதை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் 8,655 பிள்ளைகள் இவ்வாறு சேர்க்கப்பட்டனர் அல்லது பயன்படுத்தப்பட்டனர் என்று ஐக்கிய நாடுகள் சபை சரிபார்த்து உறுதி செய்தது. இது சரிபார்க்க இயன்ற தொகை மட்டுமே.

நம் பள்ளிகளில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுவிக்கிறோம். முதற் சீலத்தை விளக்குங்கால், எறும்பை மிதியாதே, பறவையைக் கல்லால் அடியாதே என்று கூறி அவ்வளவில் அமைந்துவிடுகிறோம். தன் வயதொத்த ஒரு பிள்ளை, கொல்லாவிடின் கொல்லப்படுவாய் என்ற அச்சத்தின்கீழ்ச் சீலத்தை இழக்கிறான் என்பதையும் மாணவன் அறிதல் வேண்டும். அவனுக்குத் தம்மம் கூறும் விடை யாது என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

படைச் சிறுவர் எனப்படுவோர் யார்?

துப்பாக்கி ஏந்தியவனை மட்டுமே இப்பெயரால் குறித்தல் தவறு. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிஸ் நகரிற் கூடிய நாடுகள் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளின்படி, படைக்குச் சோறாக்கும் சிறுவன், சுமை தூக்கும் சிறுவன், ஒற்றுப் பார்க்கவும் ஓலை கொண்டு செல்லவும் ஏவப்படும் சிறுவன், படைத்தலைவர்க்கு வலிந்து மனைவியாக்கப்படும் சிறுமி ஆகிய அனைவரும் இவ்வகையினரே. சிறுமியர் துன்பம் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை. போர் முடிந்தபின் துப்பாக்கியை ஒப்படைத்தவர்க்கே உதவி என்று சில நாடுகளில் விதித்தபோது, துப்பாக்கி தரப்படாத சிறுமியர் வெறுங்கையுடன் வெளியே நின்றனர்.

பிள்ளைகளை ஏன் நாடுகின்றனர்?

மொசாம்பிக் நாட்டின் முன்னாள் கல்வி அமைச்சர் கிராசா மஷேல் அம்மையார் 1996-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஓர் அறிக்கை அளித்தார். உலகின் கண்ணைத் திறந்த அறிக்கை அது. அது காட்டிய காரணங்களுள் ஒன்று, படைக்கலத்தின் எடை குறைந்தமை. பண்டைக்காலத்து வாளையும் வேலையும் தூக்கிப் போரிட வலிய தோள் வேண்டும். இக்காலத்துக் கலாஷ்னிகாவ் துப்பாக்கியோ ஏறத்தாழ நான்கு கிலோ எடையே உடையது. பத்து வயதுப் பிள்ளையும் அதனைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்வான்.

பிற காரணங்களையும் நோக்குவோம். பிள்ளைக்குக் கூலி தரவேண்டுவதில்லை. அவன் எதிர்த்துக் கேளான். இறப்பு என்பது யாதென்று முற்ற உணராதவன் ஆதலின், பெரியோர் அஞ்சும் இடத்திற்கும் ஓடுவான். தாய் தந்தையரை இழந்தவனுக்கு ஒரு வேளைச் சோறும் "நீ எம்மவன்" என்ற ஒரு சொல்லும் போதும். பள்ளி மூடப்பட்ட ஊரில், பசி மிகுந்த வீட்டில், படைக்கு ஆள் திரட்டுவோன் எளிதில் நுழைகிறான். ஆகவே எந்த நாட்டிலும் படைக்கு இழுக்கப்படுபவர் பெரும்பாலும் ஏழையின் பிள்ளைகளே. செல்வர் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக் கல்லூரிக்குச் சென்றுவிடுகிறான். கட்டாயத்தாற் சென்றவன், விருப்பத்தாற் சென்றவன் என்ற பாகுபாடு இங்குப் பெரும்பாலும் பொருளற்றது. பசி தள்ளியதை விருப்பம் என்று கூறுவது நேர்மையாகாது.

அபோகேயில் நிகழ்ந்தது

ஆப்பிரிக்கக் கண்டத்து உகாண்டா நாட்டின் வடபகுதியில், 1980-களின் இறுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஜோசப் கோனி என்பவன் தலைமையில் ஒரு கலகப்படை திரிந்தது. ஆவிகள் தன்னிடம் பேசுவதாக அவன் கூறிக்கொண்டான். மக்கள் மனமுவந்து சேராமையால், அப்படை பிள்ளைகளைக் கவர்ந்து தன் எண்ணிக்கையைப் பெருக்கியது. பல்லாயிரம் பிள்ளைகள் இரவில் வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் இழுத்துச் செல்லப்பட்டனர். தப்ப முயன்ற தோழனைப் பிற பிள்ளைகளைக் கொண்டே கொல்வித்தனர். உறவினரைக் கொல்லவும் சிலரை ஏவினர். இதன் உட்கருத்தை மாணவர்க்கு விளக்குதல் வேண்டும். தன் ஊரில் இனித் தனக்கு இடமில்லை என்று பிள்ளை நம்பிவிட்டால், அவனைக் கட்டிவைக்கக் கயிறு வேண்டுவதில்லை.

இவ்வச்சத்தால் அப்பகுதிச் சிற்றூர்ப் பிள்ளைகள் மாலைதோறும் பாய்ச்சுருளுடன் நடந்து, குலு முதலிய நகரங்களின் கடைத் திண்ணைகளிலும் கோயில் முற்றங்களிலும் உறங்கி, விடிந்ததும் ஊர் திரும்பினர். இவ்வாறு ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் நடந்தனர்.

1996-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் விடியுமுன், அபோகே என்னும் ஊரிலிருந்த கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியின் விடுதியைக் கலகப்படை உடைத்து, 139 மாணவியரைக் கட்டி இழுத்துச் சென்றது. அப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியை ராக்கேலே பசேரா, இத்தாலி நாட்டிற் பிறந்த கன்னிகாஸ்திரீ. அவர் உடன்பணிபுரிந்த ஆசிரியர் ஒருவரைத் துணைகொண்டு, படை சென்ற சுவடு பற்றிக் காட்டுக்குள் நடந்தார். கையில் படைக்கலம் ஏதுமில்லை. படையை எட்டிப் பிடித்துத் தலைவனிடம் மன்றாடினார். 109 மாணவியர் விடுவிக்கப்பட்டனர். 30 பேரைத் தரமறுத்துவிட்டனர். அம்முப்பதின்மருள் சிலர் காட்டிலேயே மாண்டனர். ஏனையோர் ஆண்டுகள் பல கழித்து, சிலர் கையில் குழந்தையுடன், தப்பி வந்தனர். அவர்தம் பெற்றோர் சங்கம் அமைத்து, தம் மக்களுக்காக மட்டுமன்றிக் கவரப்பட்ட பிள்ளைகள் எல்லோருக்காகவும் குரல் எழுப்பினர்.

அவ்வம்மையாரின் சமயம் வேறு. ஆயினும் அவர் செய்தது மைத்திரி அன்றி வேறென்ன? மெத்த பாவனையை வாயால் ஓதும் நாம், அதன் பொருளை அக்காட்டு வழியிலும் கற்றுக்கொள்ளலாம்.

விநயம் கூறும் நெறி

இனி நம் நூல்களை நோக்குவோம். இராகுலன் சிறுவனாயிருந்தபோதே சங்கத்திற் சேர்க்கப்பட்ட செய்தி யாவரும் அறிந்தது. அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் அறியார். பாட்டனாராகிய சுத்தோதனர் பகவானிடம் வந்து, மகனையும் பேரனையும் அடுத்தடுத்துப் பிரிந்த துயரைக் கூறி, இனி எந்தப் பிள்ளையையும் தாய் தந்தையர் இசைவின்றிச் சேர்த்தல் ஆகாது என்று வேண்டினார். பகவான் மறுக்கவில்லை. அதனையே விதியாக்கினார். அவ்விதி இன்றும் சங்கத்தில் நிலைத்துள்ளது.

இராசகிருகத்தில் மற்றொன்று நிகழ்ந்தது. உபாலி என்னும் சிறுவனும் அவன் தோழரும் ஆகப் பதினெழுவர் உபசம்பதை பெற்றனர். (விநயம் ஓதிய உபாலி தேரர் வேறு, இச்சிறுவன் வேறு.) விடியற்காலையில் எழுந்து கஞ்சி வேண்டும், சோறு வேண்டும் என்று அழுதனர். அழுகுரல் கேட்ட பகவான் காரணம் வினவி அறிந்தார். தட்பமும் வெப்பமும் பசியும் கடுஞ்சொல்லும் பொறுக்கும் ஆற்றல் இருபது வயது நிரம்பாதவனுக்கு இல்லை என்று கூறி, அவ்வயதுக்குட்பட்டோர்க்கு உபசம்பதை அளித்தலை விலக்கினார். அழுத பிள்ளைகளை அவர் கடியவில்லை. சேர்த்த பெரியோரையே கடிந்தார்.

பதினைந்து வயதுக்குட்பட்டோரைச் சாமணேரராகவும் சேர்த்தல் ஆகாது என்று பிறிதொரு விதி ஏற்பட்டது. பின்னர், ஆதரவற்று நின்ற சிறுவர் இருவரைக் காக்கும்பொருட்டு, காக்கை ஓட்ட வல்ல பிள்ளைகளைச் சேர்க்கலாம் என விலக்கு அளிக்கப்பட்டது. விதியும் பிள்ளையைக் காக்கவே. விலக்கும் பிள்ளையைக் காக்கவே.

இதிலிருந்து பெறப்படுவது யாது? சங்கம் தருவது ஓடும் ஆடையும். அது அழைப்பது விடுதலைக்கு. அத்தகைய உயர்ந்த நோக்கத்திற்கும் வயது வேண்டும், பெற்றோர் இசைவு வேண்டும் என்றார் பகவான். அவ்வாறாயின், நாட்டின் பெயரால், இனத்தின் பெயரால், மொழியின் பெயரால், சமயத்தின் பெயரால் பிள்ளை கையில் துப்பாக்கி கொடுக்க எவருக்கு உரிமை உண்டு? "எம் நோக்கம் நீதியானது" என்று கூறுவோர்க்கு இதுவே விடை. உமது நோக்கம் நீதியானதாகவே இருக்கட்டும். பிள்ளையை அதற்கு விறகாக்க ஒண்ணாது.

உலகச் சட்டம்

பகவான் வகுத்த நெறியை நோக்கி உலகம் மெல்ல நடந்து வந்துள்ளது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, போரில் நேரே ஈடுபடுவோர்க்குப் பதினைந்து வயதையே எல்லையாக வைத்தது. 2000-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் ஏற்கப்பட்டு, 2002 பிப்ரவரி 12-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த துணை உடன்படிக்கை அதனைப் பதினெட்டாக உயர்த்தியது. அரசுகள் பதினெட்டு நிரம்பாதவரைக் கட்டாயமாகப் படையிற் சேர்த்தல் ஆகாது. அரசு சாராத ஆயுதக் குழுக்கள் எவ்வகையிலும் சேர்த்தல் ஆகாது. இந்தியா 2005-இல் இதனை ஏற்றது.

பதினைந்து வயதுக்குட்பட்டோரைப் படையிற் சேர்த்தல் போர்க்குற்றம் என 1998-ஆம் ஆண்டின் ரோம் சட்டம் வகுத்தது. அச்சட்டத்தால் அமைந்த பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2012 மார்ச் 14-ஆம் நாள் தன் முதல் தீர்ப்பை வழங்கியது. கொங்கோ நாட்டுப் படைத்தலைவன் தாமஸ் லுபாங்கா, பிள்ளைகளைப் படையிற் சேர்த்த இக்குற்றத்திற்காகவே பதினான்கு ஆண்டுச் சிறை பெற்றான்.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு, பிள்ளைகளைச் சேர்க்கும் ஆயுதக் குழுவினர்க்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. சட்டத்திற்குப் புறம்பான செயல்களுக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தும் எவர்க்கும் அதே தண்டனை உண்டு.

மூன்று தீய வாணிகங்கள்

உபாசகன் செய்யத்தகாத வாணிகங்கள் ஐந்து எனப் பகவான் உரைத்தார். படைக்கலம் விற்றல், உயிர்களை விற்றல், இறைச்சி விற்றல், மயக்கப் பொருள் விற்றல், நஞ்சு விற்றல் என்பன அவை. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டில் 1991 முதல் 2002 வரை நடந்த போரை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுத் துப்பாக்கிகள் வந்து குவிந்தன. பிள்ளைகள் பொருளைப் போல் கவரப்பட்டனர். அச்சம் போக்க அவர்க்கு மயக்கப் பொருள் ஊட்டப்பட்டது. ஐந்தனுள் மூன்று வாணிகங்கள் ஒரு சிறுவன் உடலிலே கூடின. அப்போரை நடத்த வைரமும் விற்கப்பட்டது. துப்பாக்கியின் விசையை இழுத்த விரல் சிறுவனுடையது. அதனைச் செய்த கையும், விற்ற கையும், வைரத்தை விலைக்கு வாங்கிய கையும் பெரியோருடையவை. அப்போரைத் தூண்டி உதவிய குற்றத்திற்காக, லைபீரியா நாட்டின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லர் 2012-இல் ஐம்பது ஆண்டுச் சிறை பெற்றார். அவர்மேல் நிலைநாட்டப்பட்ட குற்றங்களுள் பிள்ளைகளைப் படையிற் சேர்த்ததும் ஒன்று. கொல்லுதல் போலவே கொல்வித்தலும் சீலத்தை அழிக்கும் என்று நாம் கற்பிப்பதன் பொருள் இங்கே விளங்கும்.

அங்குலிமாலரும் ஓங்வெனும்

இப்பாடத்தின் கடினமான பகுதி இது. கூரிய மாணவன் கேட்பான்: "கடத்தப்பட்ட பிள்ளை வளர்ந்து, தானே பிள்ளைகளைக் கடத்தினால் அவன் குற்றவாளியா, குற்றத்திற்கு இரையானவனா?"

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. டொமினிக் ஓங்வென் என்பவன் ஏறத்தாழ ஒன்பது வயதில் கோனியின் படையினராற் கவரப்பட்டான். அப்படையிலேயே வளர்ந்து தளபதியானான். தான் பட்டதையே பிற பிள்ளைகளுக்குச் செய்தான். 2015-இல் சரணடைந்தான். 2021 பிப்ரவரி 4-ஆம் நாள் பன்னாட்டு நீதிமன்றம் 61 குற்றங்களை அவன்மேல் நிலைநாட்டி, அவ்வாண்டு மே திங்களில் இருபத்தைந்து ஆண்டுச் சிறை விதித்தது. அவன் சிறுவனாய்க் கவரப்பட்டதை எண்ணி ஆயுட்சிறை விதிக்கவில்லை. அதனையே காரணமாகக் கொண்டு விடுவிக்கவும் இல்லை.

அங்குலிமாலர் வரலாற்றை இதனுடன் வைத்துப் பாருங்கள். அவர் சிறுவர் அல்லர், இளைஞர். ஆயினும் அட்டகதை கூறும் வரலாறு நமக்குப் பொருந்துவதே. பெற்றோர் இட்ட பெயர் அகிம்சகன். தக்கசீலத்தில் நன்கு கற்ற மாணவன். பொறாமை கொண்டோர் சொற்கேட்ட ஆசிரியன், ஆயிரம் விரல்களைக் குருதட்சிணையாகக் கேட்டான். ஏவியவன் வீட்டில் இருந்தான்; ஏவப்பட்டவன் காட்டிற் கொலைஞனானான். ஆடு மேய்ப்போரும் உழவரும் தடுத்தும் கேளாது, பகவான் தனியே அவனைத் தேடி நடந்தார்.

மனந்திரும்பிய அங்குலிமாலரைப் பசேனதி அரசனும் வணங்கினான். அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. சாவத்தி நகரில் பிச்சைக்குச் சென்றபோது கல்லும் தடியும் அவர்மேல் விழுந்தன. மண்டை உடைந்து, ஓடு உடைந்து, ஆடை கிழிந்து குருதியொழுக வந்தார். பகவான், "நீ செய்ததன் பயன் இது, பொறுத்துக்கொள்" என்னும் கருத்துப்பட உரைத்தார். செய்தது செய்யாததாகிவிட்டது என்று அவர் கூறவில்லை. சங்கத்தை விட்டுப் போ என்றும் கூறவில்லை. வினையின் பயனும் உண்டு, அமர இடமும் உண்டு. மாணவனுக்குத் தரவேண்டிய விடை இதுவே.

வட உகாண்டாவின் அச்சோலி மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. காட்டிலிருந்து மீண்ட பிள்ளையை ஒரு கோழிமுட்டையை மிதித்து உள்ளே வரச்செய்து ஏற்றுக்கொள்வர். சடங்குகளில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் ஊரார் கூடி நின்று "நீ எம்மவன்" என்று வாய்விட்டுக் கூறுவதே அதன் உட்பொருள். படைக்கு ஆள் பிடித்தவன் பொய்யாகக் கூறிய அதே சொல்லை, ஊர் மெய்யாகக் கூறுகிறது. நூற்பாலையில் இழை அறுந்தால் நல்ல தொழிலாளி அதனைக் கழிவென்று எறியான்; இரு முனைகளையும் சேர்த்து முறுக்கி, கதிரை மீண்டும் ஓடவிடுவான். மீண்டு வந்த பிள்ளை ஒரு முனை. அவன் ஊர் மறு முனை. ஒரு முனையை மட்டும் முறுக்கினால் இழை சேராது.

நம் வீட்டு வாயிலில்

இவையெல்லாம் ஆப்பிரிக்கக் கதைகள் என்று மாணவர் எண்ணிவிடல் ஆகாது. பௌத்தர் மிகுந்த மியன்மாவில் அரசுப் படையே சிறுவரைச் சேர்த்து வந்தது. 2012 ஜூன் திங்களில் ஐக்கிய நாடுகள் சபையுடன் உடன்பாடு செய்து, பின்னர் நூற்றுக்கணக்கானோரை விடுவித்தது. 2021 பிப்ரவரியில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னரும் அப்படை சிறுவரைச் சேர்த்த செய்திகள் அறிக்கைகளில் வந்துள்ளன. இலங்கையில் 2009 மே திங்களில் முடிந்த போரில், விடுதலைப் புலிகள் தமிழ்ச் சிறுவரைப் படையிற் சேர்த்தனர். அவரிடமிருந்து பிரிந்த கருணாவின் குழுவும் அதனையே செய்தது. அரசுப் படையின் குண்டுகளுக்குத் தமிழ்க் குழந்தைகள் இரையானதும் உண்மையே. ஒரு தீமை மற்றொரு தீமையை நியாயமாக்காது. பௌத்தன் செய்தான் என்பதற்காக மறைத்தலும், தமிழன் செய்தான் என்பதற்காக மறைத்தலும் நமக்குத் தகா.

நம் நாட்டுச் சத்தீஸ்கர் காடுகளில் மாவோயிஸ்டுகள் ஆதிவாசிப் பிள்ளைகளைத் தம் குழுக்களிற் சேர்த்தனர். அவர்களை எதிர்க்க, கல்வி குறைந்த ஆதிவாசி இளைஞர்க்கே அரசு துப்பாக்கி தந்தது. அதனை 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்து நிறுத்தியது. இரு பக்கத்திலும் துப்பாக்கி ஏந்தியவர் காட்டு ஏழையின் மக்களே.

நம் தெருவிலும் வித்து உண்டு. சாதிச் சண்டையிற் கல்லெறியவும், கட்சி ஊர்வலத்தில் கூச்சலிடவும் பிள்ளைகளை முன்னே தள்ளிப் பெரியோர் பின்னே நிற்பதைக் காண்கிறோம். வழக்கு வரும்போது பிள்ளையின் படிப்பு கெடுகிறது. ஏவியவன் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. கற்க வேண்டும் என்று பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் நம்மை முதலில் ஏவினார். நம் பிள்ளை கையில் இருக்கவேண்டியது எழுதுகோல். அதனைப் பறித்துக் கல்லைத் தருபவன் நம் சாதியினனாயினும், நம் கட்சியினனாயினும், நம் நண்பன் அல்லன்.

ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

கொடுமைகளை விரித்துக் கூறிப் பிள்ளைகளை நடுங்கச் செய்தல் வேண்டா. துப்பாக்கி ஏந்திய சிறுவர் படங்களைக் காட்டுதலும் வேண்டா. சிறுவர் கண்ணுக்கு அது வீரமாகத் தோன்றக்கூடும். காரணத்தையும் மீட்பையும் கூறுக. அபோகே நிகழ்ச்சியையும் பதினெழுவர் கதையையும் அடுத்தடுத்துக் கூறினால், மாணவர் தாமே ஒப்புமை காண்பர். பாடத்தின்பின் கீழ்க்காணும் வினாக்களைக் கேட்டு, ஒவ்வொருவரும் தம் சொற்களில் விடை கூறச் செய்க.

1. அழுத பதினெழுவரைக் கடியாது, சேர்த்தவரைப் பகவான் கடிந்தது ஏன்?

2. பசியாற் படையிற் சேர்ந்தவனை "விருப்பத்தாற் சேர்ந்தான்" எனல் பொருந்துமா?

3. அங்குலிமாலர் கல்லடி பட்டதும் வேண்டும், சங்கத்தில் இருந்ததும் வேண்டும் என்பதை நீ எவ்வாறு விளக்குவாய்?

4. நம் ஊரில் பெரியோர் தம் சண்டைக்குப் பிள்ளைகளை முன்னிறுத்தும் இடங்கள் எவை? அங்கே உன்னை அழைத்தால் என்ன விடை கூறுவாய்?

5. தவறான வழியிற் சென்று திரும்பிய ஒருவன் நாளை நம் வகுப்பிற்கு வந்தால், அவன் அருகே அமர்பவர் யார்?

ஐந்தாம் வினாவிற்கு வாயால் விடை வேண்டா. அமர்ந்து காட்டுக.